அமத்தச் சொன்னால் அமத்தணும்

ஒரு ரெக்கார்டுகூட உடையவில்லை. அதை முதலில் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு மற்றதைப் பேசலாம். பால் சொசைட்டி வாசலில் கேனை இறக்கி வைத்துவிட்டு, "மாயக்கா போறப்ப அம்புட்டு ரெக்கார்டையும் போட்டு மிதிச்சுட்டுப் போயிருச்சாம்ல" என்று வாய் கூசாமல் பேசுகிறார்களே, அவர்களில் ஒருத்தராவது அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தார்களா? அவள் புருசன் சுந்தரலிங்கம் வீடு என்ன சீமையிலா இருக்கிறது? இதே காமயகவுண்டன்பட்டியில், இதே தெருவில்தானே இருக்கிறது. போய்ப் பாருங்கள். தட்டெல்லாம் உறை போட்டு, தூசி துடைத்து, வரிசையாக நிற்கும். பெற்ற பிள்ளையைக்கூட அந்த மனுசன் அவ்வளவு பதவிசாகத் தூக்கி வைத்ததில்லை.

"சரி, உடைக்கல. அதுக்காக ஒரு பாட்டுப் பொட்டிக்கா ஒருத்தி புருசனை விட்டுட்டுப் போவா?"

இது எதிர்வீட்டுக் கர்ணன் பொண்டாட்டி செல்லத்தாய் கேட்கிற கேள்வி. அவள் கேட்கட்டும். அவள் மாமனார் சாவன்றைக்கு நடந்த அவமானம் அவள் நெஞ்சில் கிடக்கிறது, அது பொய்யில்லை. அதற்கும் வருவோம். ஆனால் பொட்டிக்காகப் போனாள், பொட்டிக்காகப் போனாள் என்று ஊர் பூராவும் பறையடிக்கிறவர்கள், அந்தப் பொட்டியில் என்ன இருந்தது, அது எங்கே போச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்கவில்லை. அந்த வீட்டிலும் அதுதான் நடந்தது. யாரும் கேட்கவில்லை.

மாயக்காள் கோம்பையிலிருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள். வந்த மறுமாசமே திராட்சைத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டாள். பந்தலுக்குக் கீழே வேலை என்றால் என்னவென்று பழம் தின்கிறவர்களுக்குத் தெரியாது. நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, கழுத்தை அண்ணாந்துகொண்டு, கொத்துக் கொத்தாகக் கழித்துவிட வேண்டும். சாயங்காலம் தோளிரண்டும் தன்னுடையது மாதிரியே இருக்காது. அதற்குப் பாட்டு வேண்டும். அந்தக் காலத்தில் ஆளுக்கு ஆள் பாடினார்கள். பிறகு ரேடியோவைக் கல்தூணில் கட்டித் தொங்கவிட்டார்கள். மாயக்காளுக்கு ஒரு தடவை கேட்டால் போதும், மெட்டு ஒட்டிக்கொள்ளும். வார்த்தை தப்பும், மெட்டு தப்பாது.

அந்தப் பொட்டியை வாங்க, ஒரு தீபாவளிக்கு எனக்குச் சேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கம்பம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ராஜா முகம்மது செல்போன் கடையில் வாங்கியது. உள்ளங்கை இரண்டை விரித்து வைத்தால் எவ்வளவு, அவ்வளவுதான். பின்னால் நகத்தளவு மெமரி கார்டு ஒன்றைச் செருகிவிட்டால் பாடும். ஒரு திருகும் நாலைந்து பொத்தானும்தான். எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று இருட்டில்கூட விரலுக்குத் தெரியும். எழுத்துப் படிக்கிற வேலையே கிடையாது.

கார்டில் பாட்டு ஏற்றினது ஒரே நாளில் இல்லை. சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு என்று கம்பம் போகிறபோதெல்லாம் அந்தக் கடையில் ஏறி ஒன்றிரண்டு ஏற்றிக்கொண்டு வருவாள். பாட்டின் முதல் வரி தெரியாது, எந்தப் படம் என்று தெரியாது. கடை வாசலில் நின்று மெல்ல முனகிக் காட்டுவாள்.

"அக்கா, இதை ஆம்பள பாடுறதா, பொம்பள பாடுறதா?"

"ஆம்பளதாம்ப்பா. அழுகுறவன் மாதிரி பாடுவான்."

"எல்லாப் பயலும் அப்படித்தான்க்கா பாடுறான். இன்னும் கொஞ்சம் பாடுங்க."

கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். மாயக்காளும் சிரிப்பாள். ஆனால் பாட்டு கிடைக்காமல் பஸ் ஏற மாட்டாள். ஒருநாள் ஒரு மெட்டு எந்தப் பாட்டென்றே பிடிபடாமல், ராஜா முகம்மது அவளைத் தன் வீட்டுக்காரம்மா ரம்லத்துக்குப் போன் போட்டுப் பாடவைத்தார். "இதுவா, எங்க அம்மா தொட்டில் ஆட்டையில பாடுவாக" என்று அந்தம்மா பாட்டின் பேரைச் சொன்ன பிறகுதான் அகப்பட்டது.

அப்படிச் சேர்த்தது. எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்பது அவளுக்கு மனப்பாடம். அடுப்பைப் பற்றவைக்கிறபோது ஒன்று வரும், இட்லித் தட்டை இறக்குகிறபோது ஒன்று வரும். ரம்லத் சொன்ன தொட்டில் பாட்டு வந்தால், மோட்டார் போட நேரமாச்சு என்று எழுந்து போவாள். எழுத்துத் தெரிந்தவர்கள் காலண்டர் பார்க்கிறார்கள், மாயக்காளுக்கு அந்த வரிசை.

இப்போது அந்த மனுசன் கதைக்கு வருவோம்.

சுந்தரலிங்கத்துக்கு மூட்டு வலி வந்து தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டார். வீட்டில் உட்கார்ந்த ஆம்பளைக்குப் பொழுது போக வேண்டுமே. மதுரைக்கு ஒரு வேலையாய்ப் போனவர் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்றோடு வந்து இறங்கினார். அது ஊசியில் ஆரம்பித்து உலக்கையில் போய் நின்றது. பிறகு ஆள் உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர், அதற்கு ஆம்ப்ளிஃபயர், தட்டுத் துடைக்க ஒரு பிரஷ், ஊசி துடைக்க ஒரு பிரஷ். கம்பத்து வெயிலுக்குத் தட்டு அப்பளமாய் நெளிந்துபோகும் என்று வீட்டிலேயே குளுமையான வடக்கு அறையை எடுத்துக்கொண்டார். அது மாயக்காள் புளியும் பருப்பும் வைத்து, மத்தியானம் தரையில் கொஞ்ச நேரம் முதுகைச் சாய்க்கிற அறை. புளிப்பானை மாடிப்படிக்குக் கீழே போனது. முதுகு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

அது மட்டுமா? தட்டு ஓடும்போது மிக்சி போடக் கூடாது. குக்கர் விசில் அடிக்கக் கூடாது. கத்தரிக்காய் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், உள்ளேயிருந்து, "ஏய் மாயா, அந்த விசிலை எறக்கு!" என்று குரல் வரும். விசில் என்ன, அவளா ஊதுகிறாள்? தெருவில் எல்லா வீட்டிலும் கரண்டு போனால் இன்வெர்ட்டர் ஓடும். இவர் வீட்டில் கிடையாது. ஏனென்றால் இன்வெர்ட்டர் கரண்டில் பாட்டுக்குள் ஒரு இரைச்சல் வருகிறதாம். அந்த இரைச்சல் அவர் காதுக்கு மட்டும்தான் கேட்கும். சித்திரை வெயிலில் கரண்டு போனால் மாயக்காள் முந்தானையால் விசிறிக்கொண்டு சமைத்தாள்.

அவள் அந்தத் தட்டை ஒருநாளும் தொட்டதில்லை. ஒரே ஒரு தடவை, கல்யாணமான புதிதில் தியேட்டரில் கேட்ட பாட்டு ஒன்று உள்ளே ஓடுகிறதென்று, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். "கதவச் சாத்து, குளுமை போகுது" என்றார். சாத்திவிட்டு வந்துவிட்டாள். வந்து தன் பொட்டியில் அதே பாட்டை வைத்துக் கேட்டாள். அதோடு முடிந்தது. அவளுக்கு அந்தத் தட்டின்மேல் ஆசையும் இல்லை, பொறாமையும் இல்லை. அடுப்படி சன்னலில் ஆணி அடித்து மாட்டிய பொட்டி ஒன்று போதும். அது ஒன்றுதான் அந்த வீட்டில், அவள் தொட்டால் யாரும் ஏன் என்று கேட்காத சாமான்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு லீவு போட்டுக்கொண்டு மகன் கார்த்திக்ராஜ் பெங்களூரிலிருந்து வந்தான். வெறுங்கையோடு வரவில்லை. ஒரு உருண்டை ஸ்பீக்கரைக் கொண்டுவந்தான். அதனிடம் வாயால் சொன்னால் போதுமாம், கேட்ட பாட்டைப் பாடுமாம். அப்பனுக்கும் மகனுக்கும் அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

"அப்பா, ஒரு ரூமையே அடைச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க. ஒலகத்துல உள்ள பாட்டு பூராம் இதுல வரும்."

"எவனோ கம்பெனிக்காரன் கைக்குள்ள இருக்குடா. வாடகை கட்டுற வரைக்கும்தான் ஒனக்குப் பாட்டு. நாளைக்கு அவன் அழிச்சுட்டான்னா நீ யாருகிட்டப் போயிக் கேப்ப? இது என் சொத்து. எவனும் அழிக்க முடியாது."

"ஒரு கீறல் விழுந்தா ஒங்க சொத்து போச்சு."

"ஏன் கீறல் விழுது? ஏன் விழுதுங்கிறேன்?"

நடுவில் முத்துராஜா. அவர் சுந்தரலிங்கத்தின் சிநேகிதர், கூட்டுறவு பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். அவருக்குத் தட்டும் ஆகாது, மகன் கொண்டுவந்த உருண்டையும் ஆகாது. "நல்ல ஃபைலா எறக்கி ஹார்டு டிஸ்க்குல வச்சுக்கங்கப்பா. வாடகையும் இல்ல, கீறலும் இல்ல."

"டிஸ்க்கு புட்டுக்கிட்டா?"

"அதுக்கு இன்னொரு டிஸ்க்குல ஒரு காப்பி."

"அதுவும் புட்டுக்கிட்டா?"

"அப்ப ஒனக்குச் சனி தெச நடக்குதுன்னு அர்த்தம்."

மூன்று நாள் இந்தப் பஞ்சாயத்து. மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். பால் ஊற்ற வந்த கர்ணனைக்கூட மடக்கி, "நீ சொல்லு கர்ணா, எதுல கேட்டா நல்லாருக்கும்?" என்று கேட்டார்கள். "எனக்கு மாடு கறக்கையில எஃப்.எம். ஓடுனா போதும்ணே, மாடும் அதைத்தான் கேக்கும்" என்றான் அவன். மாட்டின் அபிப்பிராயம்கூடத் தெரிந்துவிட்டது. வடையும் டீயும் கொண்டுவந்து கொண்டுவந்து வைத்தவளிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

அவளாகவே ஒருதடவை சொன்னாள். "எனக்கு என் பொட்டியே போதும்ப்பா."

மகன் சிரித்தான். "அம்மா, அதைக் காயலாங்கடையில போடும்மா. இனி இதுதான் ஒனக்கு." அந்த உருண்டையை அடுப்படியில், பொட்டிக்குக் கீழேயே கொண்டுபோய் வைத்தான். "தெனம் பத்து மணிக்குத் தானா பாடும். நல்லா ஆடுற பாட்டா வச்சிருக்கேன், சோலியெல்லாம் பறக்கும் பாரு." அவன் பாசத்தில்தான் செய்தான். அதை இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவளைக் கேட்காமல் செய்தான்.

அந்த வாரம்தான் கர்ணனுடைய அப்பா செத்துப்போனார். சாவு விழுந்த தெருவில் பாட்டுச் சத்தம் வரக்கூடாது. எந்த வீட்டிலும் டி.வி.யைக்கூட அமத்திவிடுவார்கள், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை. மாயக்காள் தன் பொட்டியை முதல்நாளே அமத்தி, அதன்மேல் துணியைப் போட்டுவிட்டாள். மறுநாள் பாடையைத் தூக்கினார்கள். சரியாக இவள் வீட்டுக்கு நேரே வருகிறபோது மணி பத்து. அடுப்படியில் அந்த உருண்டை, கொட்டும் குலவையுமாகக் குத்துப்பாட்டை எடுத்துவிட்டது.

மாயக்காள் அடுப்படிக்குள் ஓடினாள்.

"அமத்து! ஏய், அமத்து!"

நம்ம பக்கம் விளக்கை அமத்து என்போம், ரேடியோவை அமத்து என்போம். பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த வார்த்தை அது. அந்த உருண்டைக்குத் தெரியவில்லை. அமத்து என்றால் அமுது என்று காதில் விழுந்ததாம். ஒரு பொம்பளைக் குரலில் பவ்வியமாக ஏதோ சொல்லிவிட்டு, அமுதே அமுதே என்று இழைகிற ஒரு காதல் பாட்டைப் போட்டது. முன்னதைவிடச் சத்தமாக.

"அமத்துங்கிறேன்ல! அமத்து சனியனே!"

அமுதே, அமுதே. வயரைப் பிடித்து இழுத்தாள். வயர் கையோடு வந்தது, பாட்டு நிற்கவில்லை. உள்ளே பேட்டரி இருக்கிறதாம். வாசலில் பாடை, வாசலில் தெருவே நிற்கிறது. தூக்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடியைப் போட்டு அமுக்கினாள். டிரம்முக்குள்ளிருந்தும் பாடியது. மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய, "அமத்து, அமத்து" என்றாள்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த மகன் என்ன செய்தான்? அவனுக்குத் தெரு தெரியவில்லை, பாடை தெரியவில்லை. அரிசி டிரம்மில் உட்கார்ந்து ஸ்பீக்கரோடு சண்டை போடுகிற அம்மா தெரிந்தாள். செல்போனை எடுத்துச் சிரித்துக்கொண்டே வீடியோ பிடித்தான். பிறகுதான் ஸ்பீக்கரை நிறுத்தினான். குடும்பக் குரூப்பில் போட்டான். சின்னமனூரில் ஒரு சித்தப்பன் பார்த்தான், அவன் பத்துப் பேருக்கு அனுப்பினான். பொழுது சாயுமுன் டவுன் பஸ்ஸில் ஓடியது.

செல்லத்தாயும் பார்த்தாள். மாமனார் பாடை வாசலைத் தாண்டுகிற கொட்டுச் சத்தம் அந்த வீடியோவிலேயே கேட்கிறது, அதற்குள்ளே சிரிப்புச் சத்தமும் கேட்கிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? வந்து வாசலில் நின்று கேட்டாள். "எங்க வீட்டுப் பொணம் ஒங்களுக்குக் கூத்தா மதினி?" மாயக்காள் கையெடுத்துக் கும்பிட்டாள். சொல்லச் சொல்ல, எதிரில் நின்றவள் காதில் எதுவும் ஏறவில்லை.

அன்றைக்கு மகனிடம் சொன்னாள். "அதை அழிச்சுருடா சாமி."

"போனது போனதும்மா. அதை இனி யாராலயும் அழிக்க முடியாது. விடு, நாலு நாளு சிரிச்சுட்டு மறந்துருவாக."

மறக்கவில்லை. அவன் பெங்களூருக்கு ஏறிவிட்டான், பேர் இங்கேயே தங்கிவிட்டது. கம்பம் பஸ்ஸில் முகம் தெரியாத பயல் ஒருத்தன், "ஏலே, அமத்து ஆத்தா வருதுடா" என்றான். மாயக்காள் சீட்டில் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "நீ எதுக்கு அதுகூட மல்லுக்கு நிக்கிற, நிறுத்துன்னு சொல்லியிருந்தா நின்னுருக்கும்" என்றார். மிசினுக்குத் தெரியவில்லை என்றால் அது அவள் வாயின் குற்றமாம்.

இதையும் பொறுத்துக்கொண்டாள். இந்தப் பேச்சு பேசுகிறவர்களுக்குத் தெரியட்டும், அவள் இதற்காகவெல்லாம் போகவில்லை. காலையில் எழுந்து தன் பொட்டியைத் திருகுவாள், தொட்டில் பாட்டு வந்தால் மோட்டார் போடப் போவாள். அது ஓடுகிறவரை அந்த வீட்டில் அவளுக்கு ஒரு மூலை இருந்தது.

பிறகு ஒருநாள் தட்டில் கீறல் விழுந்தது.

அவர் உயிராய் வைத்திருந்த தட்டு. பாடிக்கொண்டே வந்து ஒரே இடத்தில் விக்கியது. ஐயோ, அந்த வீட்டில் நடந்த விசாரணையைச் சொல்ல வேண்டுமா? போலீஸ் ஸ்டேசன் தோற்றது. அறைக்குள் யார் போனது? கூட்டப் போனாயா? துணி எடுக்கப் போனாயா? பூனையை விட்டாயா? "நான் அந்தப் பக்கமே போகலங்க" என்றவளை நம்பவில்லை. கீறியது யார் தெரியுமா? முத்துராஜா. முந்தின நாள் தட்டு மாற்றுகிறேன் என்று ஊசியைத் தட்டின்மேல் அவர்தான் கை தவறிப் போட்டார். பிற்பாடு டீக்கடையில் அவரே அதைச் சொன்னார், கேட்டவர்கள் இருக்கிறார்கள். சுந்தரலிங்கத்துக்கு அந்தச் சந்தேகம் வராமலா இருந்திருக்கும்? சிநேகிதரைக் கேட்டால் மரியாதை கெட்டுப்போகும். பொண்டாட்டியைக் கேட்கலாம், அதற்கு மரியாதை எதுவும் தேவையில்லை.

கேட்டதோடு விட்டாரா? அறைக்குள் கேமரா மாட்டினார். சொந்த வீட்டில், பொண்டாட்டி உள்ளே வருகிறாளா என்று பார்க்கக் கேமரா. மாட்ட வந்த ஆள், படம் பதிய ஒரு மெமரி கார்டு வேண்டும் என்றான். மாயக்காள் அப்போது தோட்டத்தில் குத்தகைக்காரனுக்கு மடை திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். சுந்தரலிங்கம் அடுப்படிக்குப் போனார், ஆணியில் தொங்கிய பொட்டியின் முதுகிலிருந்து கார்டை நகத்தால் நெம்பி எடுத்தார், கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே இருப்பதை அழித்தால்தான் கேமரா எடுத்துக்கொள்ளும் என்றான் அந்த ஆள். அழிச்சுக்க என்றார்.

மறுநாள் காலையில் மாயக்காள் பொட்டியைத் திருகினாள். பாட்டு வரவில்லை. ஒரு பொம்பளை இங்கிலீசில் ஏதோ சொன்னாள். கார்டு சரியாகச் செருகவில்லை என்றால் அந்தக் குரல் வரும், அது அவளுக்குத் தெரியும். பின்னால் தடவிப் பார்த்தாள். விரலுக்கு ஓட்டை தட்டுப்பட்டது. ஆணிக்குக் கீழே தரையில் தேடினாள். அரிசி டிரம்முக்கு அடியில் துழாவினாள். பிறகுதான் அவரைக் கேட்டாள்.

"அதுவா? கேமராவுக்கு வேணும்னு எடுத்தேன்."

"அதுல இருந்த பாட்டு?"

"அழிச்சாத்தான் அது வேலை செய்யுமாம். இப்ப என்ன, ஒன் ராஜா முகம்மதுகிட்டப் போயித் திரும்ப ஏத்திக்க. ஒரு மணி நேரச் சோலி."

உண்மைதான். ஒரு மணி நேர வேலைதான். திரும்ப ஏற்றிக்கொள்ளலாமே என்று நீங்களும்தான் சொல்கிறீர்கள். ஏற்றிக்கொள்ளலாம். அதுவா பேச்சு? அவர் தட்டில் ஒரு மயிரிழைக் கீறல் விழுந்தபோது, "போயி வேற வாங்கிக்கங்க" என்று யாராவது சொன்னார்களா? அழித்துத் தொலை என்று அவள் அழுது கேட்ட வீடியோவை உலகத்தில் யாராலும் அழிக்க முடியாதாம். அவள் அழிக்கச் சொல்லாததை ஒரே வார்த்தையில் அழித்தார்கள்.

மாயக்காள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் ஊருக்காவது கேட்டிருக்கும். குளித்தாள். சமைத்து இறக்கினாள். கட்டைப்பையில் நாலு சேலையை வைத்தாள், ஆணியிலிருந்து பொட்டியைக் கழற்றி சேலைக்கு நடுவில் வைத்தாள். அல்லிநகரத்தில் தங்கச்சி பஞ்சவர்ணம் இருக்கிறாள், தையல் மிசின் போட்டுப் பிழைக்கிறவள். அவளுக்குப் போன் போட்டு, "வாரேன்டி" என்றாள். "எம்புட்டு நாளைக்குக்கா?" என்று தங்கச்சி கேட்கக் கேட்கப் போனை வைத்துவிட்டாள்.

அதற்குள் முத்துராஜா வந்துவிட்டார். ரெண்டு பேரும் வடக்கு அறையில் உட்கார்ந்திருந்தார்கள், தட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாயக்காள் போய்க் கதவைத் திறந்தாள். மேலே மூலையில் கேமரா சிவப்புக் கண்ணைத் திறந்துகொண்டு அவளைப் பார்த்தது. பார்க்கட்டும் என்று உள்ளேயே ஒரு எட்டு வைத்து நின்றாள்.

"ஏங்க, அதை அமத்துங்க. ஒங்ககிட்டப் பேசணும்."

"இரு, தட்டுல இந்தப் பக்கம் முடியட்டும்."

"வாடகைப் பாட்டுன்னா எவன் வேணும்னாலும் அழிச்சுருவான்னு மகன்கிட்டச் சொன்னீகள்ல? அப்ப என் பாட்டும் வாடகைப் பாட்டுத்தானா? ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"இதுல கேக்க என்னா இருக்கு? முத்துராஜா வந்திருக்காக, பேச்சைப் பாரு. பாட்டுத்தான புள்ள, என்னமோ தாலியக் கழட்டுன மாதிரி பேசுற."

முத்துராஜா தலையைக் குனிந்து உறையில் எழுதியிருப்பதைப் படிக்க ஆரம்பித்தார். படித்த மனுசன், படிக்க ஏதாவது கிடைக்கும்.

"அமத்துங்க."

"பக்கம் முடியட்டும்னு சொன்னேன்ல. கதவச் சாத்து, குளுமை போகுது."

நின்றாள். பக்கம் முடிகிற மாதிரித் தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொடையில் தாளம் போட்டார். மாயக்காள் கதவைச் சாத்தினாள், நன்றாகவே சாத்தினாள். கட்டைப்பையை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். செருப்பு கிடக்கிற இடத்துக்கு நேர் மேலே கரண்டு மெயின் பெட்டி. செருப்பை மாட்டினாள். கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். பந்தலுக்குக் கீழே ஒரு ஆயுசு பூராவும் தூக்கின கைதான் அது. மெயினைக் கீழே இழுத்தாள்.

தட்டுச் சட்டென்று நிற்காது. சுத்துகிற வேகம் குறையக் குறையப் பாடுகிறவள் குரல் கனத்து, ஆம்பளைக் குரலாகி, கிணற்றுக்குள் இறங்கினமாதிரி அடங்கிப்போனது. காற்றாடி நின்றது. பிரிட்ஜ் நின்றது. மூலையில் சிவப்புக் கண்ணும் அணைந்திருக்கும். அடுப்படியில் அந்த உருண்டை மட்டும், பேட்டரி இருக்கிற திமிரில், இன்டர்நெட் இல்லை என்று யாரிடமோ முறையிட்டுக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏய் மாயா! கரண்டு போச்சு பாரு. எதுத்த வீட்டுல இருக்கான்னு பாரு!"

எதிர்வீட்டில் செல்லத்தாய் வாசலில் நின்றிருந்தாள், அவளுக்குப் பின்னால் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. மாயக்காள் படியிறங்கினாள். திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள், செல்லத்தாய்க்கும் கேட்கட்டும் என்று.

"எதுத்த வீட்டுல இருக்கு. எல்லா வீட்டுலயும் இருக்கு. நான்தான் அமத்துனேன்."